இரும்புக் கருடனின் முதல் பாதி

லின்சிக்கு இரும்புக் கருடனைப் பற்றி எல்லாம் தெரியும், முதல் பாதியைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கார்ட்டூனைப் போட வேண்டும் என்று முடிவு செய்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. அவர் தெருவில் கத்தோலிக்கர் யாரும் குடியிருந்திருக்க மாட்டார்கள். எட்டு மணிக்குப் பூசை. சாமியார் அறிவிப்பு வாசித்து முடிக்க ஒன்பதே கால். அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, பிள்ளைகளை மட்டும் பிடித்து உட்கார வைத்து மறைக்கல்வி வகுப்பு. சிஸ்டர் "போகலாம்" என்று சொன்ன நொடியில் ஓட்டமெடுத்தாலும் சரவணம்பட்டி லைன் வீட்டுக்கு வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகிவிடும். பத்து மணிக்குக் கார்ட்டூன் முடிந்துவிடும். இப்படியே இரண்டு வருஷம், ஒன்பது வயதிலிருந்து பதினொரு வயது வரை, லின்சி இரண்டாம் பாதியை மட்டும் பார்த்து வளர்ந்தாள்.

முதல் பாதியைச் சொல்வது கயல்விழியின் பொறுப்பு. ஆறு வீடுகள் கொண்ட அந்த லைனில் கலர் டிவி இருந்தது அவர்கள் வீட்டில்தான். மில்லில் வேலை செய்த அவள் அப்பா கருப்புசாமி போனஸில் வாங்கியது. லின்சி தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்று "முதல் பாதி?" என்பாள். நடுவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, சோப்பு விளம்பரம் முடிவதற்குள் கயல்விழி கதையைச் சொல்லி முடித்துவிடுவாள்.

"கருடன் மலையில உக்காந்து இட்லி தின்னுட்டு இருந்தான் புள்ள. அப்ப வயர்லெஸ்ல சேதி வந்துச்சு. பாதி இட்லிய அப்படியே போட்டுப்போட்டுப் பறந்துட்டான்."

எந்த நாட்டிலோ வரைந்து தமிழில் பேச வைத்த கார்ட்டூன் அது. ரயில் டிரைவராக இருந்தவன் தானே வெல்டிங் வைத்துச் செய்த இறக்கைகளோடு பறக்கிறான். அவன் எதற்கு வாரம் தவறாமல் இட்லி தின்கிறான் என்று லின்சி ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லாக் கதையிலும் சண்டையில் ஜெயித்த பிறகு கருடன் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் வந்து நிற்பான். எதிரே ஒரு வீட்டு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே போகாமல் பறந்துவிடுவான். அதோடு பாட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள்.

"அந்த ஊட்டுல யாருடி இருக்கறாங்க?"

கயல்விழி இட்லியை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "அவனோட நாய். பேரு மணி. ஒடம்பு செரியில்லாமப் படுத்திருக்குது. இவன் உள்ள போனா அது எந்திரிச்சு வாலாட்டும், தூக்கம் கெட்டுப் போயிரும். அதான் பாத்துப்போட்டுப் போயிர்றான். வேற யாருகிட்டயும் கேக்காத, அதுங்களுக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது."

லின்சிக்கு அது போதுமாக இருந்தது. மறைக்கல்வியில் யாருக்காகவாவது மன்றாடச் சொன்னால் மற்ற பிள்ளைகள் போப்பாண்டவருக்காகவும் மழைக்காகவும் மன்றாடுவார்கள். லின்சி எழுந்து, உடம்பு சரியில்லாமல் இருக்கும் மணிக்காக என்றாள். மணி யாரென்று தெரியாமலே வகுப்பு மொத்தமும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது.

அவளுக்கு அப்போது வேறு மன்றாட்டும் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கார்ட்டூன் ஆரம்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவள் அப்பா அமிர்தநாதன் பாலக்காட்டுப் பக்கம் லேத்து வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார். திரும்பவில்லை. அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. அம்மா அருள்செல்வி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, சாகும்வரை.

லின்சிக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். கயல்விழியோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது.

காரணம் இதுதான். கயல்விழி நர்சாக வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆறு வருஷம் முன்னால் அமிர்தநாதனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, பன்னிரண்டு நாள் அவள் பார்த்துக்கொண்ட வார்டிலேயே படுத்திருந்தார். பதின்மூன்றாம் நாள் இறந்துபோனார். பாலக்காட்டுக் குடும்பம் உடலைக் கொண்டுபோய்விட்டது. அத்தனை நாளும் தினம் சாயங்காலம் லின்சியிடம் போனில் பேசிய கயல்விழி இதைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பேக்கரியில் டீ குடிக்கும்போதுதான் சொன்னாள்.

"அவருதான் சொல்ல வேண்டாம்னுட்டாரு புள்ள. பொண்ணு மொகத்தப் பாக்க வெக்கமா இருக்குதுன்னாரு."

"பாக்கறதா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணோணும்? நீ யாருடி அதுக்கு?"

லின்சி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு வந்த போன்களை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும் வாழ்த்தைத் திறந்து பார்க்கவில்லை. கயல்விழி ஆனைமலைக்குக் குடிபோய்விட்டாள் என்பதுகூட யாரோ சொல்லித்தான் தெரியும். லின்சிக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது, அவள் அம்மா வழி அப்படி. ஒருவர் பொய் சொல்லிவிட்டார் என்றால் அதோடு அந்த ஆள் முடிந்தது.

ஆனால் அந்தப் பேக்கரியிலிருந்து அவள் ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருந்தாள். அப்பா வெட்கப்பட்டார். வெட்கப்பட்டார் என்றால் நினைத்துக்கொண்டிருந்தார் என்றுதானே அர்த்தம்? பெட்டிக்கு அடியில் கிடந்த அவர் படத்தைத் தேடி எடுத்து, சட்டம் போட்டு, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று அவர் ஆன்மாவுக்காகப் பூசையில் மன்றாடச் சொல்லி, அவர் பெயருக்குப் பூசைக் கருத்தும் கொடுத்து வந்தாள்.

இந்த மே மாதம், கிளினிக்குக்கு நாலு கடை தள்ளியிருந்த பழைய சிடி கடையைக் காலி செய்தார்கள். வாசலில் அட்டைப் பெட்டிகளில் டிஸ்குகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். பக்திப் பாடல்களுக்கு நடுவே இறக்கை விரித்து நின்றுகொண்டிருந்தான் இரும்புக் கருடன். நான்கு டிவிடி, முழுத் தொடர், தமிழில். கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே லின்சி அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் டிவிடி பிளேயர் அட்டாலியில், கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பின்னால் கிடந்தது. கணவன் ஆரோன் ஏணி போட்டு இறக்கித் துடைத்தான். புது டிவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களைச் சொருக இடமே இல்லை. அதற்கென ஒரு சின்னப் பெட்டி வாங்க அவன் கடைவீதிக்குப் போய்வர வேண்டியிருந்தது.

"இதுல அடுத்த எபிசோடுக்கு எப்படிம்மா போறது? ஸ்கிப் பட்டன் இல்லையா?" என்றாள் ஒன்பது வயது இளவேனில்.

"ஸ்கிப்பெல்லாம் கெடையாது கண்ணு. முதல்ல இருந்து பாக்கோணும். அம்மா முதல் பாதி பார்த்ததே இல்ல."

முடிவில் போடும் அதே பாட்டுதான் முதலிலும் வந்தது, லின்சிக்கு வரிகள் முழுக்க ஞாபகம் இருந்தன. கூடவே பாடினாள், மகள் கூச்சத்தில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்து, முப்பது வருஷமாகக் காத்திருந்த முதல் பாதி தொடங்கியது.

ஒரு வீடு. மஞ்சள் விளக்கு. மேசையில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் ரயில் வரைந்துகொண்டிருக்கிறாள். அவள் பெயர் மிலா. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். "எப்ப வருவீங்க அப்பா?" என்று கேட்கிறாள். அவர் திரும்பிப் பார்க்கிறார், கதவைச் சாத்துகிறார். அவர்தான் கருடன்.

இரண்டாம் கதை மிலாவின் கடிதத்தோடு ஆரம்பித்தது. கருடன் மலைக் குகையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறான், மடித்து ஓர் இரும்புப் பெட்டியில் போடுகிறான், பெட்டியைப் பூட்டுகிறான். மூன்றாம் கதையிலும் கடிதம். நான்காம் கதையில் மிலா பள்ளி விழாவில் ஆடுகிறாள், முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இட்லியை எங்கும் காணோம். எல்லாக் கதையின் முடிவிலும் தண்ணீர்த் தொட்டி, மஞ்சள் ஜன்னல், பார்வை. அந்த முடிவுகள் ஒவ்வொன்றும் லின்சிக்கு அத்துப்படி. அந்த ஜன்னலுக்குள் யார் என்பது மட்டும் இப்போதுதான் தெரிகிறது.

"நாய் எப்பம்மா வரும்? நாய் வரும்னு சொன்னீங்கல்ல?" என்றாள் இளவேனில்.

"வரும் கண்ணு," என்றாள் லின்சி. நான்கு டிஸ்க்கும் முடிய ஒரு வாரம் ஆனது. நாய் வரவில்லை.

கயல்விழி ஒரு வாரம்கூட மிலாவின் பெயரைச் சொன்னதில்லை. இரண்டு வருஷம், மறு ஒளிபரப்பையும் சேர்த்து ஏறக்குறைய நூறு ஞாயிறு. வாரா வாரம் ஒன்பதரைக்கு அப்பா விட்டுப் போன பெண்ணைப் பார்த்திருக்கிறாள். ஒன்பதே முக்காலுக்கு அப்பா விட்டுப் போன பெண் வாசலில் வந்து "முதல் பாதி?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள் மிலாவைத் தூக்கிவிட்டு நாயைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள். அப்போது அவளுக்கு வயது பத்து.

ஃபியூஸ் கட்டை விஷயமும் லின்சிக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு ஞாயிறு சிஸ்டருக்குக் காய்ச்சல், மறைக்கல்வி இல்லை. லின்சி ஒன்பது இருபத்தைந்துக்கே வந்துவிட்டாள். தூரத்தில் அவள் வருவதைப் பார்த்த கயல்விழி சட்டென்று உள்ளே ஓடினாள். வந்து வாசலை மறித்துக்கொண்டு "கரண்ட் போயிருச்சு புள்ள" என்றாள். பக்கத்து வீட்டில் நாச்சியம்மாள் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு மேல் கருப்புசாமி தேடித் தேடி, அரிசிப் பானைக்குள் ஃபியூஸ் கட்டையைக் கண்டெடுத்தார். மகள் முதுகில் நாலு வைத்தார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை. நான் நேரில் பார்த்துவிட்டால் இவளுக்குக் கதை சொல்லும் பவுசு போய்விடும் என்ற பொறாமை, வேறென்ன, என்று முடிவு கட்டிய லின்சி அன்றைக்கும் டூ விட்டாள். ஒரு வாரம்.

ஆறு வருஷமாக அவள் மனதில் ஆஸ்பத்திரிக் கயல்விழி ஒருத்தி மட்டுமே இருந்தாள், பொய் சொன்னவள். இப்போது அவள் பக்கத்தில் முதுகைத் தடவிக்கொண்டு ஒரு பத்து வயதுக்காரி வந்து நின்றாள். லின்சிக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு பயமும் வந்தது. பத்து வயதிலேயே அத்தனை சாமர்த்தியமாக மாற்றிச் சொன்னவள், முப்பத்துநாலு வயதில் பேக்கரியில் உட்கார்ந்து சொன்னதை மாற்றாமலா சொல்லியிருப்பாள்?

நல்ல மனுஷி என்றால் இந்த இடத்தில் பிளேயரை அணைத்துவிட்டுப் பேசாமல் படுத்திருப்பாள். லின்சிக்கு அது முடியாது.

அந்த ஞாயிறு எட்டு மணிப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினாள். பொள்ளாச்சியில் இறங்கி வண்டி மாறி ஆனைமலை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மாசாணியம்மன் கோவிலுக்கு வந்தவர்களின் கார்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நாலு பேரிடம் கேட்டு, பின் தெருவில் நர்சம்மா வீட்டைக் கண்டுபிடித்தாள்.

கயல்விழி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முன்னுச்சியில் நரை விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவள் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றாள்.

"வா புள்ள," என்றாள். "வெயில்ல எதுக்கு நிக்கற? உள்ள வா."

கயல்விழி கீரையையும் உள்ளே எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் தேங்காய் மண்டிக்குப் போயிருந்தார். லின்சி தண்ணீரைக்கூட வாங்காமல் கைப்பையிலிருந்து டிவிடி பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். கயல்விழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசும் பாத்துட்டயா?"

"பாத்துட்டேன். நாயே இல்லியேடி அதுல."

"இல்ல," என்றாள் கயல்விழி மெதுவாக. "அந்தப் புள்ளயப் பாக்கறப்பெல்லாம் எனக்கு உன்ற நெனப்பாவே இருந்துச்சு. நீ வேற சர்ச்சுல இருந்து ஓடியாந்து மொகத்த மொகத்தப் பாப்ப. என்னன்னு சொல்றது?"

லின்சி நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். வரும் வழி முழுக்க என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தாள். இப்போது வாயில் வந்தது பழைய கேள்விதான்.

"முதல் பாதி?"

கயல்விழிக்குப் புரிந்தது. கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள்.

"அதான் அன்னைக்கே சொன்னேனே புள்ள."

"அது மாத்திச் சொன்னது. இப்ப மாத்தாமச் சொல்லு. எங்கப்பா என்ன சொன்னாரு?"

கயல்விழி எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெளியே ஏதோ கார் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"மூணாம் நாளு சாங்காலம். ட்ரிப்ஸ் மாத்தப் போனேன். அவரே என்னயக் கண்டுபிடிச்சுட்டாரு. நீ கருப்புசாமி புள்ளதானேன்னாரு. எங்கூட்டு டிவியக் கேட்டாரு. லைன் வீட்டுல குழாய்த் தண்ணிக்கு நாச்சியம்மா போடற சண்டையச் சொல்லிச் சிரிச்சாரு. நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு. அப்ப நாங் கேட்டேன், லின்சிய வரச் சொல்லட்டுங்களான்னு."

கீழே வைத்த காம்பை மறுபடி எடுத்தாள்.

"சொல்லு."

"எந்த லின்சின்னு கேட்டாரு."

கயல்விழி அவசரமாக, "ஈரல் கெட்டாப் புத்தியும் தடுமாறும் புள்ள. அந்தப் பாலக்காட்டம்மா வேற பக்கத்துல இருந்துச்சு, அதுக்குப் பயந்துட்டு..." என்று தொடங்கினாள்.

"மாத்தாத கயலு."

கயல்விழி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல புள்ள. அந்தம்மா மருந்து வாங்கக் கீழ போயிருந்துச்சு. நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். புத்தியும் தெளிவாத்தான் இருந்துச்சு. எந்த லின்சின்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எங்க லின்சிங்கன்னு சொல்லிப்போட்டு வெளிய வந்துட்டேன். அதுக்கு மேல அவரும் கேக்கல, நானும் சொல்லல."

பீடத்தில் இருக்கும் படம் லின்சியின் கண் முன்னால் வந்தது. வெட்கப்பட்ட அப்பா. ஆறு வருஷமாக அவள் யாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாளோ அவர். அவரும் மணி மாதிரிதான், கயல்விழி கொண்டுவந்து படுக்க வைத்தவர். நெஞ்சு வலித்தது, ஆனால் அவள் பயந்த அளவுக்கு இல்லை. அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கு பேக்கரியில சொல்லியிருந்தா நான் உன்மேல கோவிச்சிருக்கவே மாட்டனே. ஆறு வருசம் என்ற கோவத்தச் சொமந்துட்டுச் சும்மா இருந்தயாடி?"

"கோவம்னா என் மேலதானே," என்றாள் கயல்விழி. "அது இருந்துட்டுப் போகுதுன்னு உட்டுட்டேன்."

லின்சி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். கயல்விழி பக்கத்தில் வந்து நின்று அவள் முதுகில் கை வைத்தாள். வெகுநேரம் கழித்து லின்சி நிமிர்ந்தாள். மேசை மேல் இறக்கையை விரித்து நின்றவனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்த நாய்க்கு ஒடம்பு செரியாயிருச்சாடி?"

கயல்விழி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கீரையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மணிக்கா? அதெல்லாம் செரியாயிருச்சு புள்ள," என்றாள். "ஒரு நா கருடன் தொட்டி மேல இட்லி தின்னுட்டு இருந்தானா..."

லின்சி கீரையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உருவ ஆரம்பித்தாள்.